பீரோ மேல் தூங்கும் அரசு லேப்டாப்... தட்டி எழுப்ப ஓர் எஸ்.எஸ்.டி போதுமா?

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம்... தேனி மாவட்டத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பல வீடுகளில் பீரோ மேலே பைக்குள் ஒரு லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கும். அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. ஒரு காலத்தில் வீட்டுக்கே செல்லப்பிள்ளை. இன்று ஆன் பட்டனை அழுத்திவிட்டு, அடுப்பில் பாலை வைத்துக் காய்ச்சி, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"இது வேலைக்கு ஆகாது, புதுசு வாங்கணும்" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். புது லேப்டாப் என்றால் முப்பதாயிரம், நாற்பதாயிரம். கல்லூரி ஃபீஸ் கட்டுகிற மாதத்தில் அது பெரிய தொகை. ஆனால், பெரும்பாலான பழைய கம்ப்யூட்டர்களில் களைத்துப்போயிருப்பது மொத்த மெஷினும் அல்ல. உள்ளே இருக்கும் ஒரே ஒரு பாகம்தான். அதுதான் ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி எனப்படும் சாலிட் ஸ்டேட் டிரைவை மாட்டினால், பத்து வருடப் பழைய கம்ப்யூட்டர்கூட அரை நிமிடத்துக்குள், முக்கால் நிமிடத்துக்குள் எழுந்து உட்கார வாய்ப்பு உண்டு.

ஆனால், அவசரப்பட்டுக் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு விஷயம். அந்தப் பழைய டிஸ்க்குக்குள் உங்கள் வீட்டின் பத்து வருடம் இருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா, இன்று நம்மோடு இல்லாத தாத்தாவின் போட்டோ... எல்லாம் அதில்தான். எஸ்.எஸ்.டி மாற்றும் வேலையில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் எங்கே வரும் என்றால், இங்கேதான். ஆகவே, எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசை முக்கியம்.

2011-ல் ஏன் எஸ்.எஸ்.டி கொடுக்கவில்லை?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில். அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக 'எல்காட்' நிறுவனம் டெண்டர் விட்டு லேப்டாப்களை வாங்கியது. ஆரம்பகால மாடல்களில் பெரும்பாலும் 2 ஜி.பி ராம், 320 ஜி.பி ஹார்டு டிஸ்க். விண்டோஸுடன், சென்னை 'சி-டாக்' உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

அப்போது எஸ்.எஸ்.டி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் சான்டிஸ்க் நிறுவனம் 1991-லேயே 20 எம்.பி கொள்ளளவில் ஃபிளாஷ் எஸ்.எஸ்.டி செய்துவிட்டது. 20 ஜி.பி அல்ல, 20 எம்.பி! அதன் விலை சுமார் 1,000 டாலர். 2011-ல்கூட ஒரு ஜி.பி-க்கு ஒரு டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. லட்சக்கணக்கில் வாங்கும் அரசுக்குக் கட்டுப்படியாகாது. போதாக்குறைக்கு, அதே 2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகளே மூழ்கின. உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலையும் எகிறியது.

இன்று நிலைமை தலைகீழ். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று அறிவித்தது. அந்த லேப்டாப்களுக்காக எல்காட் கேட்டதே 256 ஜி.பி எஸ்.எஸ்.டி-யைத்தான். புதிய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கைத் தேடிப் பிடிப்பதே இப்போது கஷ்டம்.

கிட்டங்கியும் ஒற்றை ஆளும்

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான மூட்டைகள். எடுத்துக் கொடுக்க ஒரே ஓர் ஆள். ஒரு மூட்டை கேட்டால் கடைசி வரிசைக்கு ஓடுவார். அடுத்தது கேட்டால் மறுபடி முன்வரிசைக்கு வருவார். ஒரே நேரத்தில் இருபது பேர் இருபது மூட்டை கேட்டால் அவர் என்ன செய்வார்? ஓடிக்கொண்டே இருப்பார். அதுதான் ஹார்டு டிஸ்க்.

லேப்டாப் ஹார்டு டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று சுற்றுகிறது. அதன் மேலே ஒரு சிறிய கை அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைப் படிக்கிறது. வேண்டிய இடம் கைக்குக் கீழே வந்துசேரும் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இது நொடியில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல். கேட்பதற்குக் குறைவாகத் தெரிகிறதா? விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுகிறது. அத்தனை காத்திருப்பும் சேர்ந்துதான் அந்த டீ குடிக்கும் நேரம்!

எஸ்.எஸ்.டி-யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. பென் டிரைவில் இருப்பதைப் போன்ற ஃபிளாஷ் சிப்கள் மட்டுமே. ஒவ்வொரு மூட்டைக்கும் தனி ஜன்னல் வைத்தது மாதிரி. தகவலைத் தேடும் நேரம் சுமார் நூறு மடங்கு குறைகிறது. சத்தம் இல்லை, அதிர்வு இல்லை. கட்டிலில் இருந்து குழந்தை தள்ளிவிட்டாலும் ஹார்டு டிஸ்க் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் 3 சோதனைகள்

கம்ப்யூட்டர் மெதுவாக இருப்பதற்கு ஹார்டு டிஸ்க்தான் காரணமா என்பதைப் பைசா செலவில்லாமல் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

முதல் சோதனை: கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். விண்டோஸ் 10 என்றால் அதில் சி.பி.யு, மெமரி, டிஸ்க் என்று சதவிகிதம் தெரியும். நீங்கள் எதையும் திறக்காதபோதே 'டிஸ்க்' 100 சதவிகிதத்தில் நின்றால், குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான். 'மெமரி' 90 சதவிகிதத்தைத் தாண்டி நின்றால் ராமும் போதவில்லை என்று அர்த்தம். 2 ஜி.பி ராம் உள்ள லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி மட்டும் போட்டால் பாதி பலன்தான். கூடவே 4 ஜி.பி ராமும் சேர்க்க வேண்டியிருக்கும். பழைய லேப்டாப் ராமில் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.3.எல் என்று வகைகள் உண்டு. பழைய ராமைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது உத்தமம்.

இரண்டாவது சோதனை: 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேர் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். 'குட்' என்றால் பயமில்லை. 'காஷன்' அல்லது 'பேட்' என்று வந்தால், டிஸ்க் எந்த நேரமும் படுத்துவிடலாம். மற்ற எந்த வேலைக்கும் முன் போட்டோக்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது சோதனை காதுக்கு: டிஸ்க் இருக்கும் இடத்தில் 'டிக்... டிக்...' என்று விட்டுவிட்டுச் சத்தம் வருகிறதா? உடனே ஆஃப் செய்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதுதான் அதைக் கொல்லும். உள்ளே இருப்பது மிக முக்கியம் என்றால், டேட்டா மீட்கும் ஆட்களிடம் நேராகக் கொடுப்பதே வழி.

முதலில் போட்டோ, பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர்

சோதனை முடிந்து, மாற்றலாம் என்று முடிவெடுத்துவிட்டீர்களா? இப்போதும் கடைக்குக் கிளம்ப வேண்டாம். முதலில் பேக்கப்.

டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கு ஃபோல்டர்களையும், 'டி' டிரைவ், 'ஈ' டிரைவ் இருந்தால் அவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கிலோ பெரிய பென் டிரைவிலோ காப்பி செய்யுங்கள். காப்பி ஆனதும் அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நான்கைந்து போட்டோக்களையும் ஒன்றிரண்டு வீடியோக்களையும் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். மிக முக்கியமான படங்களை இரண்டு இடத்தில் வைப்பது இன்னும் நல்லது. ஒன்று வெளி டிஸ்க்கில், இன்னொன்று கூகுள் டிரைவ் போன்ற ஆன்லைன் சேமிப்பில்.

ஒரு விஷயத்தில் கவனம். ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று அடிக்கத் தொடங்கினால் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பல பழைய லேப்டாப்களில் பேட்டரி செத்துப்போயிருக்கும். பாதி காப்பியில் கரன்ட் போனால் ஃபைல் கெட்டுவிடும். யு.பி.எஸ் அல்லது இன்வெர்ட்டர் உள்ள இடத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யுங்கள்.

எதை வாங்குவது?

எஸ்.எஸ்.டி-யில் மூன்று வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன.

* 2.5 இன்ச் சாட்டா: தீப்பெட்டிக் கட்டை நசுக்கியது போலத் தட்டையான சிறு பெட்டி. லேப்டாப் ஹார்டு டிஸ்க்கின் அதே நீள, அகலம். அதே கனெக்டர். பழைய அரசு லேப்டாப்களுக்கும் பழைய டெஸ்க்டாப்களுக்கும் இதுதான்.

* எம்.2 சாட்டா: சூயிங்கம் பட்டை வடிவம். வேகம் முதல் வகையைப் போலத்தான்.

* எம்.2 என்.வி.எம்.இ: அதே பட்டை வடிவம், ஆனால் பல மடங்கு வேகம். புதிய மெஷின்களுக்கானது.

பின் இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். அதனால் லேப்டாப்பின் மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும்.

பழைய கம்ப்யூட்டருக்கு விலை உயர்ந்த எஸ்.எஸ்.டி தேவையில்லை. சாட்டா எஸ்.எஸ்.டி-யின் அதிகபட்ச வேகமே நொடிக்கு 550 எம்.பி-யை ஒட்டித்தான். பழைய மதர்போர்டில் 'சாட்டா 2' போர்ட் இருந்தால் அதிலும் பாதிதான் கிடைக்கும். இருந்தாலும் கவலை வேண்டாம். வீட்டு உபயோகத்தில் நாம் உணர்வது அந்த வேகத்தை அல்ல, தேடும் நேரம் குறைவதைத்தான். அது எந்த போர்ட்டிலும் கிடைக்கும்.

கொள்ளளவு? படிப்பு, ஆன்லைன் விண்ணப்பம், பேங்க் வேலை, கொஞ்சம் சினிமா என்றால் 240 அல்லது 256 ஜி.பி போதும். போட்டோ, வீடியோ நிறைய என்றால் 480 அல்லது 512 ஜி.பி. 120 ஜி.பி-யை விலை குறைவு என்று வாங்காதீர்கள். சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பிய எஸ்.எஸ்.டி-யின் வேகமும் குறையும். எப்போதும் 15, 20 சதவிகிதம் காலியாக வைத்திருப்பது நல்லது.

240 ஜி.பி வாங்கினால் விண்டோஸில் 223 ஜி.பி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஜி.பி-யைக் கணக்கிடும் முறையும் விண்டோஸ் கணக்கிடும் முறையும் வேறு, அவ்வளவுதான்.

'எஸ்.எஸ்.டி-யில் எழுத எழுதத் தேய்ந்துவிடுமாமே?' என்ற பயமும் பலருக்கு உண்டு. உண்மைதான், ஃபிளாஷ் சிப்பில் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கு இருக்கிறது. 'டி.பி.டபிள்யூ' என்ற பெயரில் அதைத் தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். பட்ஜெட் ரகத்தில் பிரபலமான சில 240 ஜி.பி மாடல்களுக்கு இது 80. அதாவது மொத்தம் 80,000 ஜி.பி எழுதலாம். ஒரு வீட்டில் தினம் 10 ஜி.பி எழுதினாலும் 8,000 நாள்கள், கிட்டத்தட்ட 22 வருடங்கள். அதற்குள் மற்ற பாகங்கள்தான் ஓய்வு பெறும்!

விலை ஏறுது... போலியும் வருது!

2023-ல் 240 ஜி.பி சாட்டா எஸ்.எஸ்.டி 1,500 ரூபாயை ஒட்டிக்கூடக் கிடைத்தது. அந்த விலையை மனதில் வைத்துக் கடைக்குப் போனால் இப்போது ஏமாற்றம்தான். ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக அள்ளுவதால், 2025-ன் கடைசியில் இருந்து ராம், எஸ்.எஸ்.டி இரண்டின் விலையும் ஏறத் தொடங்கின. 'க்ரூஷியல்' என்ற பெயரில் வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தில் இருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே, வாங்கும் அன்று இரண்டு கடையிலும் ஆன்லைனிலும் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விலை ஏறும் நேரத்தில்தான் போலிகளும் பெருகும். 'ஒரு டி.பி எஸ்.எஸ்.டி 700 ரூபாய்', 'இரண்டு டி.பி 999 ரூபாய்' என்று விளம்பரம் வந்தால் தொடவே வேண்டாம். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, பெரிய கொள்ளளவு காட்டும்படி ஏமாற்று வேலை செய்திருப்பார்கள். காப்பி ஆவது போலவே தெரியும். உண்மையான இடம் நிரம்பியதும் பழைய போட்டோக்களின் மேலேயே புதியவை எழுதப்படும். திறந்து பார்க்கும்போதுதான் எல்லாம் பாழாகியிருப்பது தெரியும். சந்தேகம் இருந்தால் 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச சாஃப்ட்வேர் டிஸ்க் முழுக்க எழுதிப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். பேக்கப்பைப் போடுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

தேனி, கம்பம், போடியிலேயே கம்ப்யூட்டர் கடைகள் இருக்கின்றன. மதுரைக்குப் போய்வருவதும் இப்போது சுலபம். அகல ரயில் பாதையில் தேனி வரை 2022-லும், போடி வரை 2023-லும் ரயில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. சென்னையில் இருக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்துச் சொல்வார்கள். எங்கே வாங்கினாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

* "அண்ணே, ஜி.எஸ்.டி பில்லில் சீரியல் நம்பர் போட்டுத் தருவீங்களா?" வாரன்டிக்கு இதுதான் ஆதாரம்.

* "வாரன்டி எத்தனை வருஷம்? கெட்டுப்போனா நீங்க அனுப்புவீங்களா, நாங்களே சர்வீஸ் சென்டருக்குப் போகணுமா?" நல்ல பிராண்டுகள் பெரும்பாலும் மூன்று வருட வாரன்டி தருகின்றன. உள்ளூர்க் கடையில் நூறு இருநூறு கூடுதலாக இருந்தாலும், வாரன்டிக்கு அவர்களே அனுப்புவார்கள் என்றால் அது லாபம்தான்.

* "மாட்டுறதுக்கும் விண்டோஸ் போடுறதுக்கும் சேர்த்து எவ்வளவு?" வேலை முடிந்த பிறகு கூலி பேசாதீர்கள்.

* "பழைய ஹார்டு டிஸ்க்கை எங்ககிட்டயே திருப்பித் தந்துடுவீங்கல்ல?" இதைக் கேட்காமல் கம்ப்யூட்டரை ஒப்படைக்காதீர்கள். 'ஃபார்மேட்' என்ற ஒரு சொல்லில் பத்து வருடப் போட்டோக்கள் போன வீடுகள் நிறைய.

வீட்டிலேயே மாட்டலாமா?

டெஸ்க்டாப் என்றால் தாராளமாக. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

கரன்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தையும் இறக்கிவிடுங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்து, முதலில் தூசியைத் தட்டுங்கள். எஸ்.எஸ்.டி-யில் இரண்டு கேபிள்கள் செருக வேண்டும். அகலமானது பவர், குறுகலானது டேட்டா. எஸ்.எஸ்.டி பெட்டிக்குள் டேட்டா கேபிள் பெரும்பாலும் வராது, தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் 'எல்' வடிவக் கனெக்டர்கள், ஒரு பக்கமாக மட்டுமே போகும். போகவில்லை என்றால் திருப்பிச் செருகுங்கள், அழுத்தாதீர்கள்.

லேப்டாப்பில் இரண்டு ரகம். பேட்டரியைத் தனியே கழற்ற முடிகிற பழைய மாடல்களில், அடிப்பக்கம் ஹார்டு டிஸ்க்குக்கு என்றே ஒரு சின்ன மூடி இருக்கும். அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றி, டிஸ்க்கை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள இரும்புத் தட்டை எஸ்.எஸ்.டி-க்கு மாற்றி, அதே வழியில் உள்ளே தள்ளினால் முடிந்தது. எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் உள்ளே குத்திவிடும்.

முழு அடிப்பாகத்தையும் பிரிக்க வேண்டிய மெல்லிய லேப்டாப் என்றால், கடையில் கொடுப்பதே நல்லது. பிளாஸ்டிக் கொக்கி ஒன்று உடைந்தால் மிச்சப்படுத்திய கூலி போய்விடும்.

புதிதாக விண்டோஸா, அப்படியே நகலா?

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எஸ்.எஸ்.டி-க்கு நகலெடுப்பது 'குளோனிங்'. 'குளோன்சில்லா' போன்ற இலவச சாஃப்ட்வேர் இதைச் செய்யும். ஆனால், அது பெரிய டிஸ்க்கில் இருந்து சிறியதற்கு நேரடியாக நகலெடுக்காது. 500 ஜி.பி-யில் இருந்து 240-க்கு என்றால் முதலில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்களுக்கு இது ஆபத்தான விளையாட்டு. அதனால், பல வருடக் குப்பை சேர்ந்த கம்ப்யூட்டருக்குப் புதிதாக இன்ஸ்டால் செய்வதே சுலபம்.

அந்த நேரத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். எஸ்.எஸ்.டி மட்டும் இருந்தால், தவறான டிஸ்க்கை அழிக்கும் வாய்ப்பே இல்லை. இந்த ஒரு பழக்கம் உங்கள் போட்டோக்களுக்கு இன்ஷூரன்ஸ் மாதிரி.

எந்த விண்டோஸ்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11-க்கு 'டி.பி.எம் 2.0' என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். 2011 முதல் 2017 வரை வந்த பெரும்பாலான லேப்டாப்களுக்கு அந்தத் தகுதி கிடையாது.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. 'லினக்ஸ் மின்ட்' போன்றவை இலவசம், 4 ஜி.பி ராமிலும் ஓடும், பாதுகாப்பு அப்டேட்கள் தொடர்ந்து வரும். பிரவுசர், யூடியூப் பாடம், ஆன்லைன் விண்ணப்பம், எக்ஸெல் போன்ற கணக்கு எல்லாவற்றுக்கும் போதும். தமிழ் 99 கீபோர்டும் உண்டு. பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் அப்டேட் நின்றுபோன விண்டோஸை வைத்திருப்பதைவிட இது நல்லது.

மண்டி, ஸ்டூடியோ, டி.டி.பி கடைக்காரர்களுக்கு...

கம்பம் திராட்சை மண்டி, போடி ஏலக்காய்க் கடை என்று கணக்கு எழுதும் கம்ப்யூட்டர்களில் 'டாலி' இருக்கும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றும் முன் டாலி டேட்டாவை பேக்கப் எடுப்பதோடு, லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிடுங்கள். அப்போதுதான் புதிய இன்ஸ்டாலில் சிக்கல் இல்லாமல் மறுபடி ஆக்டிவேட் ஆகும்.

டி.டி.பி கடை, போட்டோ ஸ்டூடியோ, பத்திரம் எழுதும் இடங்களில் வேறொரு சிக்கல். பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் ஃபான்ட்களில் அடித்த ஃபைல்கள், புது விண்டோஸில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிடவில்லை. ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான். 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் பேக்கப்பில் சேர்த்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

நல்ல நிலையில் இருந்தால், யு.எஸ்.பி கேஸிங் ஒன்று வாங்கி அதற்குள் போட்டு, வெளி டிஸ்க்காக்கிவிடலாம். சினிமா, பழைய வீடியோக்களை அதில் வைக்கலாம். குறைந்தது மூன்று மாதம் அதை அழிக்காமல் வையுங்கள். 'அந்த ஃபைலை எடுக்க மறந்துட்டோமே' என்ற நினைப்பு அதற்குள் வந்துவிடும்.

எஸ்.எஸ்.டி-யில் ஒரு குறை உண்டு. அழித்த ஃபைலை மீட்பது ஹார்டு டிஸ்க்கைவிட மிகக் கஷ்டம். 'ட்ரிம்' என்ற வசதி, அழித்த இடத்தை உடனுக்குடன் சுத்தம் செய்துவிடும். மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் வைத்தாலும் எஸ்.எஸ்.டி-யில் தகவல் கெட வாய்ப்பு உண்டு. எனவே, குடும்பப் போட்டோக்களுக்கு எஸ்.எஸ்.டி-யை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 'டீஃப்ராக்' செய்யும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், எஸ்.எஸ்.டி-க்கு அது தேவையே இல்லை.

கெட்டுப்போன டிஸ்க்கைப் பழைய இரும்புக் கடையில் போடும் முன் யோசியுங்கள். ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், பெண் குழந்தைகளின் போட்டோ எல்லாம் அதில் இருக்கலாம். இயங்குகிற டிஸ்க் என்றால் முழுக்க அழித்துவிட்டும், இயங்காதது என்றால் ஆணியடித்து உள்ளே இருக்கும் தட்டைச் சேதப்படுத்திவிட்டும், மின்னணுக் கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுங்கள்.

எப்போது செலவு செய்யக் கூடாது?

திரை உடைந்து, கீபோர்டு போய், பேட்டரியும் செத்த லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி வைத்தியம் வீண். எல்லாவற்றையும் மாற்றும் செலவைக் கூட்டிப் பாருங்கள். புது லேப்டாப் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விட்டுவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீர் திடீரென்று அணைகிறது என்றால், அது சூடு அல்லது மதர்போர்டு பிரச்னை. எஸ்.எஸ்.டி அதைச் சரிசெய்யாது. பெரிய கேம்ஸ், வீடியோ எடிட்டிங் வேண்டும் என்றாலும் பழைய பிராசஸர் தாங்காது.

மற்றபடி, நீட் விண்ணப்பம் போட, டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிக்க, பிளஸ் ஒன் பிள்ளை பாடம் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றால், பீரோ மேலே இருப்பதை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். எஸ்.எஸ்.டி வாங்கியிருந்தால், அது வாங்கிய பில்லை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். போட்டோக்களின் இன்னொரு காப்பியைச் சித்தப்பா வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம், தாத்தாவின் போட்டோ போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது!